ஊசி குத்திய தாள்

நாகப்பட்டினம்,
பிரமோதூத வருடம், தை 9

என் லாத்தா மஸூதாவுக்குத் தம்பி ஜலாலுதீனின் ஸலாம்.

கோட்டை அலுவலகம் பழவேற்காட்டை விட்டு இங்கே குடிபெயர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். கோபப்படுங்கள், நியாயம்தான். பெட்டியை இறக்குவதும் அவிழ்ப்பதும் அடுக்குவதுமாகவே நாள் போய்விட்டது. இந்த ஊர் நம் ஊரைவிடப் பெரியது. ஆனால் ஏரி இல்லை. மடவை மீன் கிடைக்கிறது, நம் ஏரி மடவையின் ருசி இல்லை. உங்கள் மாமி பரக்கத் பீவிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

எனக்கு இங்கே முன்பு இருந்ததைவிட நல்ல வேலை. துரை பிரியமாக இருக்கிறார். இன்ன வேலை என்று விளக்கமாக எழுத இப்போது நேரமில்லை. வலது மணிக்கட்டில் வேறு சுளுக்கு, துணி சுற்றியிருக்கிறேன். கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம். மச்சான் மவுத்தாகி நீங்கள் இத்தா இருந்த அந்த நான்கு மாதம் பத்து நாளில், ஆடியில் நான் உங்களைப் பார்க்க வந்தேன் அல்லவா? அப்போது நாணல் பேனாவும் மையும் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக ஏதோ வரைந்துகொண்டிருந்தீர்கள். அதில் ஆறேழு தாள் எனக்கு அனுப்ப முடியுமா? மனம் சரியில்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். சும்மா பார்ப்பதற்குத்தான். சரக்குத் தோணியில் கொடுத்தால் வந்துவிடும். உப்புத் தண்ணீர் படாமல் மெழுகுத் துணியில் சுற்றிக் கொடுங்கள்.

உங்கள் தம்பி,
ஜலாலுதீன்


பழவேற்காடு,
மாசி 6

தம்பி ஜலாலுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு மாதமாகக் கடிதம் எழுதாதவன் எழுதியதும் கேட்பது என் கிறுக்கல்களையா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. தொழுகைப் பாய்க்கு அடியில் அல்லவா வைத்திருந்தேன்.

பார்த்துவிட்ட பிறகு மறைத்து என்ன பயன். உன்னிடம் சொல்வதற்கென்ன, நீ என் கூடப் பிறந்தவன். உன் மச்சான் கௌஸ் மைதீனின் கப்பல் அச்சைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பாறையில் மோதியது என்று சேதி வந்த நாளில் எனக்கு அழுகை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வந்த பெண்கள் எல்லோரும் என் கண்ணைப் பார்த்தார்கள். "கல்லு மாதிரி குந்திக்கினு கீதே, ஒரு சொட்டு வரலியே"னு யாரோ சொன்னது காதில் விழுந்தது. மாமி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ராத்திரி பகல் எதுவும் பிடிபடவில்லை. கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் விட்டுப்போன தாள்கட்டு ஒன்று பெட்டியில் கிடந்தது. சின்ன வயதில் ஓதும் பலகையில் எழுதப் பழகிய கைதானே. ஒரு நாள் நான்கு விரல் அகலத்தில் ஒரு கட்டம் போட்டேன். அதற்குள் ஒரு கோடு. அதன் பக்கத்தில் அதே போல இன்னொரு கோடு. கட்டம் நிறைந்தபோது அஸர் பாங்கு சொன்னார்கள். நடுப்பகல் லுஹருக்கு உட்கார்ந்தவள் அதுவரை நடுங்கவில்லை என்று அப்போதுதான் கவனித்தேன். அதன் பின் தினமும் ஒன்று. வலைக்கண் ஒரு நாள், மீன் செதில் ஒரு நாள், கூடை முடையும் ஓலைப் பின்னல் ஒரு நாள், ஏரி வற்றினால் சேறு வெடிக்குமே அது ஒரு நாள்.

ஏழு தாள் வைத்திருக்கிறேன். பார்ப்பதைவிட நீயே வரைந்தால் நல்லது. சொல்கிறேன் கேள். என்ன வரும் என்று முன்கூட்டி நினைக்காதே. ஒரு கோட்டுக்கு ஒரு மூச்சு. அடுத்த கோட்டை இந்தக் கோடு முடிந்த பிறகு நினைத்தால் போதும். தப்பினால் சுரண்டாதே, தப்பிய கோட்டை ஒட்டியே அடுத்ததைப் போடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தாளைக் கால்வாசி திருப்பிக்கொள். அழகாக வர வேண்டும் என்று நினைத்தாயோ, கை நடுங்கும். யாரும் பார்க்கப் போவதில்லை என்று வரை.

எண்ணிப் பார்த்தால் ஆரம்பத்தில் வரைந்த நான்கு தாளைக் காணோம். எலி இழுத்துப்போயிருக்கும் என்று பொறி வைத்திருக்கிறேன். மணிக்கட்டுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்.

லாத்தா


நாகப்பட்டினம்,
மாசி 27

லாத்தாவுக்கு,

தாள்கள் ஈரம்படாமல் வந்து சேர்ந்தன. நன்றி. பார்த்துப் பார்த்து மனம் ஆறுகிறது.

இன்னும் ஒரு பத்து வரைந்து அனுப்ப முடியுமா? இந்த முறை கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக, ஒரு சாண் அகலத்துக்குப் போடுங்கள். சுற்றிலும் இரண்டு விரலுக்கு ஒரு கரை இருந்தால் பார்வையாக இருக்கும். மூலைக்கு ஒரு பூ வந்தாலும் நல்லதுதான். சேற்று வெடிப்பு வேண்டாம், அது கொஞ்சம் துக்கமாக இருக்கிறது. பங்குனி முடிவதற்குள் கிடைத்தால் உதவி, சித்திரையில் கப்பல் போகிறது.

கப்பல் போகிறது என்பது இங்கே ஊர்ச் சமாச்சாரம், அதற்கும் தாளுக்கும் சம்பந்தமில்லை.

ஜலாலுதீன்


பழவேற்காடு,
பங்குனி 24

ஜலாலுதீனுக்கு,

எலி நாகப்பட்டினத்தில் இருக்கிறது. இங்கே பொறி வைத்து என்ன செய்வது?

உன் கடிதம் வந்து மூன்று நாள் கழித்து லோகாம்பாள் வந்தாள். கோட்டைக்குச் சீட்டித் துணியில் சித்திரம் எழுதும் சம்பந்தத்தின் மனைவி, உனக்குத் தெரிந்தவள்தான். மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"இன்னா பண்றதுனே தெரியலம்மா. கோட்டைல குட்த்த மாதிரி இது. ஊட்டுக்காரரு ரெண்டு துணி பாழாக்கிட்டாரு. ஒரு கட்டத்துக் கோடு அடுத்த கட்டத்துல போயி சேர மாட்டேங்குது. உன் தம்பி எழுதுனதாமே. அவரு எழுதுன வேற தாளு ஊட்ல இருந்தா குடும்மா, பார்த்துட்டுத் தரேன்"னு கேட்டாள்.

அது என் தாள். காணாமல் போன நான்கும் ஒன்றாக ஒட்டப்பட்டு என் மடியில் கிடந்தன. ஒவ்வொரு கோட்டின் மேலும் நெருக்க நெருக்கமாக ஊசியால் குத்தியிருந்தார்கள். மாதிரித் தாளைத் துணிமேல் வைத்துக் கரிப்பொடி மூட்டையால் தட்டினால் துளை வழியே பொடி இறங்கிக் கோடு விழும் என்று அவள் எனக்கு விளக்கினாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம். தாளைத் தூக்கிப் பிடித்தேன். என் கோடுகள் இருந்த இடமெல்லாம் வெளிச்சம் வந்தது.

"இது இன்னாத்துக்குத் துணி?"னு கேட்டேன்.

"அந்த ஊரு பொம்பளைங்களுக்குப் பாவாடையாம். மிச்சம் மெத்தை உறைக்குனு சொன்னாங்க. அலை மாதிரி ஷோக்கா கீதுனு துரைக்கு ரொம்பப் பிடிச்சிருச்சாம்."

அலைதான். அது என்ன அலை என்று உனக்குச் சொல்கிறேன். உன் மச்சான் மாசி வரை ஊரில் இருப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போன வருடத் தையிலேயே கப்பல் ஏறினார். கிளம்பும் காலையில் சண்டை. வாசலில் நின்று, "மஸூதா, குடிக்கத் தண்ணி குடு"னு கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை. "கடல் நெறையத் தண்ணி கீது, அங்க போயி குடிங்க"னு சொன்னேன். அவர் சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு நான் சொன்ன கடைசிச் சொல் அது. அவர் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும்.

யாரிடம் சொல்வேன் இதை? மாமியிடமா? பெற்றவளிடம் போய் உங்கள் மகனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பினேன் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? அதனால்தான் தாளை எடுத்தேன். அந்த முதல் நான்கு தாளிலும் வேறு எதுவும் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. ஒரு கோட்டுக்கு ஒரு மூச்சு என்று உனக்கு எழுதினேனே, அந்த ஒவ்வொரு மூச்சிலும் 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அவரிடம் கேட்டேன். கேட்டுக் கேட்டு நான்கு தாள் நிறைந்தது. அதைத்தான் முன்பின் தெரியாத பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளப் போகிறார்கள், மெத்தையில் போட்டு உட்காரப் போகிறார்கள். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இன்னொன்றையும் கேள். லோகாம்பாளிடம் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோடு சேர வேண்டுமானால் கட்டத்துக்குக் கட்டம் தாளைக் கால்வாசி திருப்ப வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன், திருப்பியும் காட்டினேன். சம்பந்தத்தின் துணி மூன்றாவது முறையும் பாழானால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. என் வெட்கக்கேட்டை ஒழுங்காகத் துணியில் ஏற்ற நானே கை கொடுத்தேன். லோகாம்பாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதெப்டிமா தம்பி எழுதுனது உனுக்கு இவ்ளோ சுளுவா தெரியுது?"னு கேட்டாள். நான் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவளும் மறுபடி கேட்கவில்லை.

மூலைக்குப் பூ கேட்டிருந்தாய். பூ இல்லை.

மஸூதா


நாகப்பட்டினம்,
பிரஜோற்பத்தி வருடம், சித்திரை 15

லாத்தா,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். முதல் நான்கிலும் என் பக்கம் நியாயம் இருந்தது. ஐந்தாவதில் தேடினேன், கிடைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஆடியில், துணிக்கு வேண்டிய மாதிரித் தாள்கள் துரையின் ஊரிலிருந்து வர வேண்டிய கப்பல் வரவில்லை. அந்த நேரத்தில்தான் அலுவலகம் நாகப்பட்டினம் போகிறது, பாதிப் பேருக்கு இங்கேயே கணக்குத் தீர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. என் பெயர் எந்தப் பாதியில் இருந்தது என்று எனக்குத் தெரியும். உங்களைப் பார்க்க வந்தேன். நீங்கள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போன நேரத்தில் பாயின் ஓரம் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். நாலைந்து பார்த்துவிட்டு அடியில் இருந்த நான்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். துரையிடம் காட்டிவிட்டு ஒரு வாரத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

துரை வெகுநேரம் பார்த்தார். பிறகு, யார் வரைந்தது என்று துபாஷி மூலம் கேட்டார். "நான்தான்." அவ்வளவுதான் சொன்னேன், லாத்தா. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது.

இங்கே வந்ததும் என் முன்னால் தாளும் இறகுப் பேனாவும் வைத்து, இப்போது ஒன்று வரை என்றார்கள். கையைச் சுளுக்கிக்கொண்டேன். நல்ல கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு இத்தனை மாதமாகத் திரிகிறேன். இடது கையால் சாப்பிட முடியாது அல்லவா, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கட்டை அவிழ்த்துத் தனியாகச் சாப்பிடுகிறேன். உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதும் கட்டை அவிழ்த்துத்தான் எழுதினேன். நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லி நீங்கள் எழுதியதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் உட்கார்ந்து பூ கேட்டு எழுதினேன். அதை நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

மச்சான் தண்ணீர் கேட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். எடுத்திருப்பேனோ என்னவோ. இப்போது பொய் எழுதப் பிடிக்கவில்லை. துரையிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொல்லுங்கள், சொன்னபடி செய்கிறேன்.

ஜலால்


பழவேற்காடு,
வைகாசி 10

ஜலாலுக்கு,

திருடியது நீ. சொல்லட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறாய். அதற்கும் என் கைதான் வேண்டுமா உனக்கு? சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

என் பாடு வேறு. நான் வரைவதை விட்டு முப்பது நாளுக்கு மேலாகிறது. கோபத்தில் விட்டதாக நினைக்காதே, வரவில்லை. கட்டம் போடுகிறேன். ஒரு கோடு இழுக்கிறேன். உடனே, இது கரைக்கு ஆகுமா, இதை ஊசியால் குத்த முடியுமா, துரைக்கு இது துக்கமாகத் தோன்றுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. நான்கு விரல் அகலக் கட்டத்துக்குள் உன் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எங்கே போய் உட்கார்வது?

கை பழையபடி நடுங்குகிறது. நேற்றுக் குழம்புச் சட்டியைப் போட்டு உடைத்தேன். மாமி ஓடுகளைப் பொறுக்கினார். தாளும் மையும் பெட்டிக்கு அடியில் போய்விட்டன. ஊரே என்னைக் கல் என்று சொன்ன நாளில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டாய். நான்கு தாளுக்காக நான் சண்டை போடுகிறேன் என்று எண்ணாதே.

துணிக்காரர்கள் வீட்டுப் பக்கம் நான் பார்ப்பதே இல்லை. அந்தத் துணியைக் காயப்போட்டிருப்பார்கள்.

மஸூதா


நாகப்பட்டினம்,
ஆனி 4

லாத்தா,

அவசரம். தோணி இன்று மாலையே கிளம்புகிறது. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

துரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கைக்கட்டை அவர் முன்னாலேயே அவிழ்த்துப் போட்டேன். அடிப்பார், துரத்துவார், கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று தயாராக இருந்தேன். அடித்திருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவர் சிரித்தார். யார் வரைந்தால் என்ன, துணி நன்றாக வந்திருக்கிறது, முதல் மூட்டைகள் கப்பலேறிவிட்டன, அப்படியானால் உன் அக்காளுக்குத் தாளும் மையும் அனுப்பி வைக்கிறேன், மாதம் இத்தனை என்று வரையட்டும் என்றார். அங்கேயே ஆளையும் கூப்பிட்டுவிட்டார்.

என் வெட்கம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, லாத்தா. நான் நெஞ்சைத் திறந்தேன், அவர் அதற்குள் சரக்கு இருக்கிறதா என்று பார்த்தார். அப்போது உங்கள் வைகாசிக் கடிதம் என் மடியில் இருந்தது. கட்டத்துக்குள் துரை உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே. இப்போது நிஜமாகவே வந்து உட்காரப் போகிறார் என்று பயந்துபோனேன். வாயில் வந்ததைச் சொன்னேன். லாத்தாவுக்குக் கண் போய்விட்டது, இனி வரைய முடியாது என்று.

அல்லாஹ் பொறுக்கட்டும், நல்லபடியாக இருக்கும் உங்கள் கண்ணைப் பற்றி இப்படி ஒரு சொல் சொல்லிவிட்டேன். துரை முழுக்க நம்பவில்லை. எல்லப்பன் என்று ஒரு சேவகன் தாள், மை எல்லாவற்றோடும் வருகிறான். பார்வை இருந்தால் கொடுத்துவிட்டு வா, இல்லாவிட்டால் திருப்பிக் கொண்டுவா என்று அவனுக்கு உத்தரவு. உங்களுக்கு வரைய விருப்பம் இருந்தால் கண்ணைத் திறந்துகொண்டு இருங்கள், பொய்யன் என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. விருப்பம் இல்லாவிட்டால் அரை நாழிகை மூடிக்கொண்டு இருங்கள். இந்த முறை முடிவு உங்கள் கையில்.

என்னை மூட்டை தைக்கும் கொட்டகையில் போட்டிருக்கிறார்கள். கோணி ஊசியால் நாள் முழுக்கத் தைக்கிறேன். பழைய தோழர்கள் அந்தப் பக்கம் போகும்போது நான் குனிந்துகொள்கிறேன். போதும் என்று தோன்றவில்லை, ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது. நீங்கள் சொன்னபடி தாளைத் திருப்பித் திருப்பி ஒரு கட்டம் வரைந்து பார்த்தேன். அதை அனுப்பவில்லை.

ஜலால்


பழவேற்காடு,
ஆடி 20

தம்பி ஜலாலுக்கு,

இது கண் தெரியாதவள் எழுதும் கடிதம். படித்ததும் கிழித்துப் போடு. நம் ஓதும் அரபு எழுத்தில் இருப்பதால் கோட்டையில் யாருக்கும் படிக்க வராது, இருந்தாலும் கிழி.

எல்லப்பன் போன வெள்ளிக்கு முந்தின நாள் வந்தான். உன் கடிதம் அவன் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் எனக்குக் கிடைத்தது. இரண்டு நாளும் உன்னைத் திட்டினேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்றும் கேட்டேன். கடைசியில் மூடிக்கொண்டேன். மாமியிடம் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை, எந்த முகத்தோடு சொல்வது. தொழுகையும் ஓதலுமாக இருக்கிற மனுஷியின் வீட்டில் உட்கார்ந்து இப்படி ஒரு வேஷம்.

அவன் திரைக்கு அந்தப் பக்கம் முன்கட்டில் உட்கார்ந்தான். கோஷா வீட்டுக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பார்த்துச் சொல்ல லோகாம்பாளைக் கையோடு அழைத்து வந்திருந்தான். வருவது யார் என்று காலடியிலேயே தெரிந்தது. அந்த நிமிஷம் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அவள் என் முன்னால் உட்கார்ந்தாள். அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. "இன்னாமா இது"னு மெதுவாகக் கேட்டாள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

பிறகு சத்தமாக, "பாவம்யா, ஒண்ணும் தெரியல. கைய ஆட்டிப் பார்த்துட்டேன்"னு சொன்னாள். அவள் கையை ஆட்டவே இல்லை.

அதோடு போயிருப்பான். ஆனால் நல்ல மனுஷன் போலிருக்கிறது. "எப்டிமா போச்சு கண்ணு?"னு திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான். பதிலை நான் இரண்டு நாளாகத் தயாராக வைத்திருந்தேன். "அவரு போனதுலேர்ந்து அழுது அழுதுதாம்பா"னு சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவருக்காக ஒரு சொட்டு விடாதவள், அழுது கண் போனவளாக உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட ஒரு பொய் இருக்குமா? மாமி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவமானத்தில் உடம்பெல்லாம் சுட்டது. அங்கே ஆரம்பித்தது, ஜலாலு. மூடின கண்ணுக்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சிரித்தார். அழுதேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், நிற்கவில்லை. ஒன்றரை வருடத்து அழுகை, ஒரு அந்நியன் முன்னால், ஒரு பொய்யின் நடுவில் வந்தது. எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

மாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டார். "எடுத்துக்கினு போப்பா உன் சாமானை. என் மருமவள விடு"னு திரையைப் பார்த்துச் சொன்னார். அவன் தாளையும் மையையும் தூக்கிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. லோகாம்பாளும் எழுந்து போனாள். சம்பந்தத்திடமும் அவள் வாய் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் போனதும் மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் கேட்டதை, நான் சொன்ன சொல்லை. தலையை மடியிலிருந்து தள்ளிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"எனுக்குத் தெரியும்"னு சொன்னார் மாமி. "நான் அடுப்படிலதான் இருந்தேன். நீ சொன்னதும் கேட்டுச்சு. செம்புல தண்ணி மொண்டு கைல வெச்சிக்கினு நின்னேன். புருஷன் பொஞ்சாதி சண்டை, நாம நடுவுல பூந்தா நல்லாருக்காது, அவளே மனசு மாறி குடுப்பானு இருந்துட்டேன். அவன் போயிட்டான். செம்பு என் கைலயே இருந்துச்சு."

அவர் என்னோடு பேசாமல் இருந்தது என்மேல் கோபத்தில் என்று ஒன்றரை வருடமாக நினைத்திருந்தேன். என் முகத்தைப் பார்க்க அவருக்கும் அதே வெட்கம் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே குற்றத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறோம். மறுநாள் சோறு வடிக்கும்போது, உப்பு போதுமா பார் என்று கூப்பிட்டார். அவ்வளவுதான்.

நேற்றுப் பெட்டிக்கு அடியிலிருந்து தாளை எடுத்தேன். கண் தெரியாதவளிடம் யாரும் மாதிரி கேட்க மாட்டார்கள், கரை கேட்க மாட்டார்கள். இந்த நிம்மதி பொய்யில் வந்தது என்பது எனக்குத் தெரியும், கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கட்டம் நிறைந்தது. கோடு கோணல்தான், கை நடுங்கவில்லை. என்ன வரைந்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ வரைந்ததையும் எனக்கு அனுப்பாதே, நன்றாகச் செய்தாய்.

மாமியையும் என்னையும் ஒருவரிடம் ஒருவர் மனம் திறக்க வைத்தது உன் பொய்தான். அதற்காக உன் திருட்டு நல்லதாகிவிடாது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி என்னிடம் கொண்டுவராதே.

உன்னைப் பொறுத்துக்கொண்டேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இத்தனை தூரம் எழுதியும் அதை எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கடிதத்தில் அது வராது போலிருக்கிறது. வாடைக் காற்று தொடங்குவதற்கு முன்னால் ஒரு தோணி பிடித்து வா. உன் முகத்தைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

லாத்தா